மரக்கூலி பேசும் முன்: தென்னை ஏற வரும் தம்பிகளுக்கு

நான் தென்னை ஏறத் தொடங்கி 27 வருடங்கள் ஆகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் ஈத்தாமொழிக்குப் பக்கத்தில் வீடு. எங்கள் பகுதி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காய் பெரியது, மரமும் உயரமானது. அறுபது அடி மரமெல்லாம் இங்கே சாதாரணம். அந்த அறுபது அடி மரத்துக்கும், வாய்க்கால் கரையில் நிற்கும் இருபத்தைந்து அடி மரத்துக்கும் பல தோப்புகளில் இன்றும் ஒரே கூலிதான். மரத்துக்கு இவ்வளவு, எத்தனை மரமோ அத்தனை பணம்.

போன தை மாதம் என்னோடு வேலைக்கு இரண்டு பையன்கள் வந்து சேர்ந்தார்கள். ஏறுவதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, சின்னவன் வேறொரு தோப்பில் தனியாக 52 மரம் ஏறிவிட்டு வந்து பெருமையோடு சொன்னான். "எத்தனை மரத்தில் பாதுகாப்பு பெல்ட் கட்டினாய், தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் வயதில் நானும் அதையேதான் செய்தேன். கூலியை எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கும் அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

ஏறச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் ஆறு நாள் பயிற்சி நடத்தி வருகிறது. வாய்ப்புக் கிடைப்பவர்கள் கட்டாயம் போங்கள். நான் இங்கே எழுதுவது, கீழே நின்று பேசுகிற பேச்சைப் பற்றி. மேலே நமக்கு நடப்பதில் பாதி அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது.

பெல்ட் கட்டும் ஒரு நிமிடத்தின் கணக்கு

மரம் ஏறும் கருவியை மாட்டுவது, ஏறுவது, மரத்தின் தலையைப் பார்ப்பது, குலை வெட்டுவது, இறங்குவது, அடுத்த மரத்துக்கு நடப்பது எல்லாம் சேர்ந்து ஒரு மரத்துக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மரத்துக்கு 320 நிமிடம். மரத்துக்கு 50 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். (50 என்பது கணக்குக்காக நான் வைத்த எண். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள்.)

இப்போது ஒவ்வொரு மரத்திலும் பெல்ட்டை முறையாகக் கட்டி, கொக்கியை இழுத்துப் பார்த்து, மேலே போனதும் கயிற்றை மாற்றிக் கட்டுகிறேன். மரத்துக்கு ஒரு நிமிடம் கூடுகிறது. அதே 320 நிமிடத்தில் 35 மரம்தான் முடியும். 1,750 ரூபாய். பெல்ட் கட்டியதற்காக அன்றைக்கு என் பையிலிருந்து 250 ரூபாய் போய்விட்டது.

இத்தனை வருடங்களில் 'பெல்ட் கட்டாதே' என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. கூலிதான் அப்படிச் சொல்கிறது, ஒவ்வொரு மரத்தடியிலும். தண்ணீர் குடிக்கும் நேரம், கருவியின் கம்பிக் கயிற்றைத் தடவிப் பார்க்கும் நேரம், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரம், மழை ஈரம் காயக் காத்திருக்கும் நேரம் எதற்கும் மரக்கூலியில் காசு கிடையாது. நம் உயிரைக் காக்கிற வேலை எல்லாவற்றையும் நாம் இலவசமாகச் செய்கிறோம். உயிருக்கு ஆபத்தான வேகத்துக்குத்தான் பணம் வருகிறது.

ஆகவே முதல் பாடம் இது: 35 மரத்தில் 2,000 ரூபாய் வரும்படி கூலி கேளுங்கள். மரத்துக்கு 57 ரூபாய் ஆகிறது. தோப்புக்காரருக்குக் கூடுதல் செலவு மரத்துக்கு ஏழு ரூபாய், ஒரு தேங்காயின் விலைகூட இல்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி நான் பலரிடம் காட்டியிருக்கிறேன். "கூட்டிக் கொடுங்கள்" என்று வெறுமனே கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், "பெல்ட் கட்ட மரத்துக்கு ஒரு நிமிடம் ஆகிறது அண்ணாச்சி, அந்த நிமிடத்துக்குக் கூலி கேட்கிறேன்" என்றபோது ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் இல்லை. பாதிப் பேராவது.

நான் விழுந்த நாள்

2009, ஐப்பசி. அன்று 31ஆவது மரம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தூறல் போட்டு நின்றிருந்தது. காய் வாங்க வந்தவரின் வண்டி தோப்பு வாசலில் நின்றது. "இன்னும் நாலு மரம்தானே, முடித்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும்" என்றார்கள். நான்கு மரத்துக்காக நாளை ஒருமுறை வந்தால் அந்த நாள் எனக்கும் வீண்தான். அதனால் நானும் முடித்துவிடலாம் என்றே நினைத்தேன். மரம் உயரம் குறைந்தது, முப்பது அடிகூட இருக்காது. அதற்குப் போய் எதற்குப் பெல்ட் என்று விட்டுவிட்டேன். மேலே ஒரு பழுத்த மட்டையில் கை வைத்தேன். அது கழன்று கையோடு வந்தது.

இரண்டு குதிகாலும் உடைந்தன. முதுகெலும்பு தப்பியது. ஐந்து மாதம் வீட்டில் கிடந்தேன். என் மனைவி கயிற்று ஆலைக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்தாள். அன்றைய கூலி மறுநாள் வீட்டுக்கு வந்தது. முப்பது மரத்துக்கான பணம். 31ஆவது மரத்தில் காய் விழவில்லை, அதனால் அதற்குக் கூலி இல்லை.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நாங்கள் பேசி வைத்திருந்த கணக்கு அதுதான். பேசும்போதே வேறு மாதிரிப் பேசியிருக்க வேண்டும் என்பது கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

தோப்பைச் சுற்றி வந்த பிறகு வாயைத் திறங்கள்

தொலைபேசியில் கூலி சொல்லாதீர்கள். "நூறு மரம் இருக்கிறது, என்ன வாங்குகிறாய்?" என்று கேட்பார்கள். "வந்து பார்த்துச் சொல்கிறேன்" என்பது மட்டுமே பதில். போய்த் தோப்பை முழுதாக ஒரு சுற்று நடங்கள். நடக்கும்போது மரங்களை மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். நான் பிரிப்பது இப்படி: நாற்பது அடிக்குக் கீழே நேராக நிற்பவை ஒரு கூலி. அதற்கு மேலே உயர்ந்தவை இன்னொரு கூலி. வளைந்தவை, குளத்தின் மேலும் கூரையின் மேலும் சாய்ந்தவை, காயைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டியவை மூன்றாவது வகை. அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேசுவேன். ஏறவே கூடாதவை கடைசி வகை. அவற்றை முதலிலேயே விரலை நீட்டிக் காட்டி, "இதில் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். வேலைக்கு நடுவில் சொன்னால் சோம்பேறித்தனம் என்பார்கள். முன்பே சொன்னால், தொழில் தெரிந்தவன் என்பார்கள்.

தலையைச் சுத்தம் செய்வதைக் காய் வெட்டும் கூலிக்குள் சேர்க்கவே சேர்க்காதீர்கள். காய்ந்த ஓலை, கொதும்பு, பன்னாடை எல்லாவற்றையும் எடுக்க இன்னொரு பத்து நிமிடம் மேலே நிற்க வேண்டும். "போகிற போக்கில் கொஞ்சம் சுத்தம் செய்துவிடு" என்று சொல்லும்போது லேசாகத்தான் இருக்கும். பெல்ட் இல்லாமல், ஒரு கையால் மட்டையைப் பிடித்து மறு கையால் வெட்டுகிறவனுக்கு அது லேசு இல்லை.

காய்க் கணக்கில் கூலி தருகிறேன் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மரக்கூலி அடுத்த மரத்துக்கு ஓடச் சொல்லும். காய்க்கூலி எட்டாத குலைக்கும் கையை நீட்டச் சொல்லும். கோடையில் காய் குறைந்தால் அதே உயரத்துக்குப் பாதிப் பணம்தான் வரும். இரண்டில் மரக்கூலியே மேல் என்பது என் முடிவு.

பிறகு, குறைந்தபட்ச நாள் கூலி. நான் இப்போது இப்படித்தான் பேசுகிறேன்: "தோப்புக்கு வந்து இறங்கிவிட்டால், மழை வந்தாலும், மின் கம்பியோ குளவியோ தடுத்தாலும், பாதி நாள் கூலி உண்டு." இது ஒன்று கையில் இருந்தால், தூறல் விழும்போது கீழே இறங்க மனம் வரும். 2009இல் எனக்கு இது இருந்திருந்தால் அந்த 31ஆவது மரத்தில் ஏறியிருக்க மாட்டேன். வீட்டு மரம் ஐந்து ஆறு வைத்திருப்பவர்களிடம் பாதி நாள் கூலி கேட்க முடியாது. அங்கே 'வந்து போகும் கூலி' என்று ஒரு சிறு தொகை பேசிக்கொள்கிறேன். டீச்சர் ஒருவர் வீட்டில் நான்கு மரம்தான். மழையால் திரும்பினால் டீக்காசும் பெட்ரோல் காசும் தந்துவிடுவார். அவர் வீட்டு மரத்தில் நான் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை.

பெரிய தோப்பில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவருக்கும், நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தால், அதற்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே இது இருந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வேலை கிடைக்காமல் காத்திருந்த நாளில் இதை எடுத்துச் சொல்லலாம்.

கீழே ஒரு ஆள் வேண்டும் என்பதையும் அப்போதே பேசுங்கள். காய் பொறுக்குகிறவர் போதாது, அவர் குனிந்த தலையோடு இருப்பார். மேலே பார்த்துக்கொண்டு, மரத்தடிக்கு யாரையும் விடாமல் நிற்கிற ஆள். ஐம்பது அடியிலிருந்து விழும் காய் தரையைத் தொடும்போது மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். குழந்தைகள் காய் பொறுக்க ஓடி வரும் வீடுகளில் நான் ஏறுவதற்கு முன்பே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

இரண்டு பேர், ஒரே உண்டியல்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தோப்பில் இரண்டு பேர் தனித்தனிக் கணக்கில் ஏறினால் அது போட்டியாகிவிடும். உயரம் குறைந்த மரங்களை யார் முதலில் பிடிப்பது என்று ஓட்டம். ஒருவன் பெல்ட் கட்டும்போது மற்றவன் பாதி மரம் ஏறியிருப்பான். அடுத்த மரத்தில் இவனும் கட்ட மாட்டான். என்னோடு ஏறிய ஒரு கூட்டாளிக்கும் எனக்கும் இப்படி இரண்டு வருடம் போனது. பேச்சுவார்த்தைகூடக் குறைந்துவிட்டது.

இப்போது நாங்கள் மூன்று பேரும் ஒரே கணக்கு. மொத்த மரம், மொத்தப் பணம், மாலையில் சரிசமமாகப் பிரிப்பு. ஐந்து மரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறோம். இருவர் ஏறும்போது ஒருவர் கீழே நின்று பார்க்கிறார். கீழே நிற்பவர் ஓய்வெடுக்கிறார், தண்ணீர் குடிக்கிறார், அடுத்த ஐந்து மரங்களைச் சுற்றி வந்து பார்த்து வைக்கிறார். அந்த நேரத்துக்கும் அவருக்குக் கூலி உண்டு, ஏனென்றால் பணம் பொது. மரக்கூலியை ஒழிக்க நம்மால் முடியவில்லை. ஆனால் அதை நமக்குள் நாள் கூலியாக மாற்றிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

சின்னவன் முதலில் முணுமுணுத்தான். "நான்தானே அண்ணே அதிகம் ஏறுகிறேன்?" என்றான். உண்மைதான், அவனுக்கு 22 வயது, எனக்கு 49. "இன்றைக்கு நீ எனக்காக நான்கு மரம் கூடுதலாக ஏறுகிறாய். நீ ஏறலாம் என்கிற மரம் எது, ஏறவே கூடாத மரம் எது என்பதை நான் உனக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டான். மரக்கூலியில் அனுபவத்துக்கு உயர்வு கிடையாது. வயது ஏற ஏறக் கூலி இறங்கும் தொழில் இது. கூட்டுக் கணக்கில்தான் அனுபவத்துக்கு ஒரு மதிப்பு வருகிறது.

மொத்தத்தில் மரத்துக்கு இரண்டு ரூபாய் தனியாக ஒரு டப்பாவில் போடுகிறோம். அது பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும். ஒரு நாளைக்கு நூறு மரம் என்றால் 200 ரூபாய். கம்பிக் கயிற்றில் ஒரே ஒரு இழை பிரிந்தாலும் அன்றைக்கே மாற்றுகிறோம். பணம் இருப்பதால் 'இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்' என்ற பேச்சு வருவதில்லை. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விட, தோளையும் தொடையையும் சேர்த்துத் தாங்கும் பெல்ட்டை வாங்குங்கள். இடுப்பு பெல்ட்டில் தொங்கினால் வயிறும் முதுகும் தாங்காது. முழு பெல்ட்டிலும் அசையாமல் நெடுநேரம் தொங்குவது ஆபத்துதான், அதனால் இறக்குவதற்கு ஏறத் தெரிந்த இரண்டாவது ஆளும் இரண்டாவது கருவியும் தோப்பில் இருக்க வேண்டும். தனி ஆளாகப் போனால் இது நடக்காது.

மரத்தைப் படிப்பது

அடிமரத்திலிருந்து தொடங்குங்கள். வேர் வெளியே தெரிகிறதா, வாய்க்கால் தண்ணீர் மண்ணை அரித்திருக்கிறதா என்று பாருங்கள். அடியில் செம்பழுப்பு நீர் கசிந்து பட்டை கருத்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம், உள்ளே அழுகியிருக்கும். தண்டில் துளையும், அதிலிருந்து மென்று துப்பியது போல் நாரும் வெளியே வந்திருந்தால் சிவப்புக் கூன்வண்டு. காதை மரத்தில் வைத்தால் புழு கடிக்கும் சத்தம் கேட்கும். அந்த மரம் பச்சையாகத்தான் தெரியும். தலை ஒருநாள் அப்படியே ஒடிந்து விழும். அரிவாளின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள், பொந்து ஒலி கேட்டால் விலகுங்கள். முன்பு ஏற வசதியாகத் தண்டில் படி வெட்டிய பழைய மரங்களில் அந்தப் படிகளில் தண்ணீர் தேங்கி உளுத்திருக்கும்.

பிறகு தள்ளி நின்று தலையைப் பாருங்கள். தலைக்குக் கீழே தண்டு பென்சில் சீவியது போல் சிறுத்திருந்தால், கருவியின் வளையம் அங்கே தளரும். மரமும் பலம் இல்லாதது. நடுக் குருத்து வாடிச் சாய்ந்திருந்தால் குருத்தழுகல், மழைக்காலத்தில் அதிகம். அந்தத் தலையில் எதைப் பிடித்தாலும் கையோடு வரலாம். குளவிகள் ஒரே இடத்துக்குப் போய் வருகின்றனவா என்று ஒரு நிமிடம் அண்ணாந்து நில்லுங்கள். கடந்தை என்கிற பெரிய குளவியின் கூடு இருக்கிற மரத்தில் எந்தக் கூலிக்கும் ஏறாதீர்கள். தீயணைப்புத் துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள். மின் கம்பி பக்கத்தில் போனால், ஓலை கம்பியில் படுகிறதோ இல்லையோ, மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கால் வைக்க வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. ஈர ஓலையும் மின்சாரத்தைக் கடத்தும்.

மேலே போனதும் வெளிச்சுற்று மட்டைகளைத் தொடாதீர்கள். தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டையைக் கழிக்கும்; எது அடுத்து கழியப்போகிறது என்று மரத்துக்குத்தான் தெரியும். மஞ்சள் ஓடியது, தொங்கியது எதுவும் பிடி ஆகாது. உள்ளே இரண்டு மூன்று சுற்றுத் தள்ளி நிமிர்ந்து நிற்கும் பச்சை மட்டையின் அடியை மட்டும் பிடியுங்கள். பிடித்து ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கையை உள்ளே விடுவதற்கு முன் அரிவாளால் தட்டுங்கள். எலி இருக்கிற தலையில் பாம்பும் இருக்கலாம்.

இரட்டைக் கூலி வரும் நாட்கள்

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. விழுந்த மரங்களைப் பார்த்து அழுதவர்களைப் பார்த்தேன். அடுத்த வாரமே தொலைபேசி ஓயவில்லை. பாதி சாய்ந்து நிற்கிற மரம், வீட்டின் மேல் தொங்குகிற தலை, எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூலி. கடன் இருந்தது, ஆசையும் இருந்தது. ஆனால் புயலில் ஆடிய மரத்துக்கு வேர் அறுந்திருக்கும், வெளியே தெரியாது. ஆள் ஏறிய கனத்தில் சாயும். அப்படிப்பட்ட மரங்களை ஏறாமல், கயிறு கட்டி இழுத்தும் கிரேன் வைத்தும் இறக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். ஒரு மரத்துக்கு வழக்கத்தை விட மும்மடங்கு கூலி தருகிறார்கள் என்றால், அந்த மரத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட வேலையிலும் நேரத்தை வைத்து நிறுத்துங்கள், எண்ணிக்கையை வைத்து நிறுத்தாதீர்கள். 'இன்றைக்கு நாற்பது' என்று முடிவு செய்துவிட்டால் கடைசி ஐந்து மரத்தில் கை நடுங்கினாலும் ஏறுவீர்கள். நாங்கள் மதியம் ஒரு மணிக்குக் கருவியைக் கழற்றிவிடுகிறோம். உயரமான மரங்கள் காலையில் முதலில். குட்டை மரங்கள் கடைசியில். மார்கழியில் பனி ஈரம் காயும்வரை தொடங்குவதில்லை. இடி கேட்டால் இறங்கிவிடுகிறோம். முந்தின இரவு குடித்தவர் அன்று கீழே மட்டும் நிற்பார், பங்கு உண்டு. பங்கு இல்லை என்றால் குடித்ததை மறைத்துக்கொண்டு ஏறுவார், அதைப் பார்த்திருக்கிறேன்.

வற்புறுத்துபவர்களிடம் நீண்ட விளக்கம் வேண்டாம். "அண்ணாச்சி, மரம் ஈரமாக இருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன்." இவ்வளவுதான். "போன தடவை வந்த ஆள் இரண்டு மணி நேரத்தில் முடித்தான்" என்றால், "அவரையே கூப்பிடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை" என்று மரியாதையாகச் சொல்லிக் கருவியைக் கட்டத் தொடங்குங்கள். பெரும்பாலும் அப்போதே குரல் மாறும். மாறாவிட்டாலும் கிளம்புங்கள்.

விழுந்துவிட்டால்

விழுந்தவரைக் கை கால் பிடித்துத் தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். பாசத்தில் செய்கிற இந்தக் காரியங்கள் முதுகெலும்பு உடைந்திருந்தால் உள்ளே இருக்கும் நரம்பை அறுத்துவிடலாம். 108க்கு அழையுங்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். வாந்தி எடுத்தால் மூன்று நான்கு பேர் சேர்ந்து உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் மின்சாரம் நிற்கும்வரை தொடாதீர்கள்.

காப்பீட்டை விழுவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டும். வங்கிக் கணக்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு, சுரக்ஷா பீமா, இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் தருகிறது. ஜூன் முதல் மே வரை ஒரு வருடம். மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா, ஏறுபவர்களுக்கென்றே உள்ள விபத்துக் காப்பீடு. பிரீமியத்தில் ஒரு பங்கை வாரியம் கட்டுகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவையும் முடித்துவிடுங்கள். மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் எந்த நல வாரியத்தில் சேரலாம் என்று கேளுங்கள். இவற்றுக்காக ஒருநாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் மரக்கூலியில் அந்த நாள் போய்விடும் என்றுதான் நானும் தள்ளிப்போட்டேன். 2009இல் என்னிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

தோப்பு வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த வெட்டுக்கு ஆள் வரும்போது "எத்தனை மணிக்கு முடிப்பாய்?" என்பதற்குப் பதிலாக "பெல்ட் இருக்கிறதா?" என்று முதலில் கேளுங்கள். 'இல்லை' என்றால் ஏற விடாதீர்கள். 'இருக்கிறது' என்றால் அதைக் கட்டும் நிமிடத்துக்குக் கூலி கொடுங்கள்.

கடைசியாக நோட்டு. நாற்பது பக்கப் பள்ளி நோட்டு போதும். தேதி, தோப்பு, மரம், பேசிய கூலி, வந்த கூலி, பாக்கி. அதோடு 'ஏறாத மரம்' என்று ஒரு பத்தி போடுங்கள், காரணமும் எழுதுங்கள். ஒன்றரை இரண்டு மாதம் கழித்து அதே தோப்புக்கு மறுவெட்டுக்குப் போகும்போது, எந்த மரத்தில் எதற்காக மறுத்தோம் என்று அதைப் பார்த்துச் சொல்லலாம். இந்த வாரம் அந்தப் பத்தியில் இரண்டு வரி இருக்கிறது. கிணற்றடி மரம், தண்டில் துளை, நார் தள்ளியிருக்கிறது. வடக்கு வேலி மூன்றாவது மரம், கடந்தை கூடு. இரண்டாவது வரி சின்னவன் எழுதியது.